கீழ்த்தள அறை

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். புது ஊர், புது வேலை, புது அறை என்று போயிருக்கிறாய். தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "எப்படிடா இருக்கே?" என்று முடிப்பதற்குள் "நல்லா இருக்கேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. வாய்க்கு அது மனப்பாடம். எழுதும்போது கை கொஞ்சம் யோசிக்கிறது. தவிர, விடுதி அறையில் நாங்கள் மூன்று பேர். ஒருவன் போன் பேசினால் மற்ற இரண்டு பேரும் ஓசியில் சினிமா பார்ப்பது மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள்.

இந்தப் பருவத்துக்கு ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அறை முழுக்கத் தெர்மகோல் தூள். சட்டையை உதறினால் பனி பெய்கிறது. கட்டடக்கலை படிப்பதாகச் சொல்லிக்கொண்டு பசை நக்கிப் பூனை மாதிரி திரிகிறேன்.

அப்பா முழங்கால் வலியோடுதான் பஸ் ஓட்டுகிறாராம், அம்மா சொன்னாள். அவரைக் கேட்டால் "கிளட்ச் கொஞ்சம் கனமா இருக்கு, அவ்வளவுதான்" என்கிறார். தன் கால் வலியையும் வண்டி தலையில் கட்டுகிற மனிதர்!

அந்தக் கல்லூரியில் நீ உண்மையில் என்னதான் செய்கிறாய்? வருகிற பெண்களுக்கெல்லாம் அட்வைஸா? எனக்கு இத்தனை வருஷம் இலவசமாகக் கொடுத்ததற்கு அங்கே சம்பளம் வேறா?

உன் தம்பி


ஜூலை 15

அன்புள்ள சுண்டு,

உன் கடிதத்தை விடுதி வார்டன் அம்மா தீவட்டி பிடிக்காத குறையாகக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தக் காலத்துல லெட்டரா? யாரும்மா அது?" என்றார். தம்பி என்றதும் முகம் தொங்கிவிட்டது.

நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, கொசுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

என் அறை முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்த இடம். இன்னும் ரப்பர் பந்து வாசனை போகவில்லை. வெளியே 'மாணவியர் மனநல ஆலோசனை மையம்' என்று பலகை. பிள்ளைகள் வைத்திருக்கிற பெயர் 'அழுகை ரூம்'. உள்ளே வருகிறவள் முதலில், "மேடம், லைப்ரரி எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பாள். மூன்றாம் வருஷம் படிக்கிறவள்! நானும் சிரிக்காமல் வழி சொல்வேன். மறுநாள் அவளே வருவாள். அன்றைக்கு நூலகம் கேட்கமாட்டாள்.

அட்வைஸ் எதுவும் இல்லையடா. பெரும்பாலும் கேட்பதுதான் வேலை. ஒரு பெண் தினமும் மதிய இடைவேளையில் வருகிறாள். பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதே. எதிரே உட்கார்ந்து துப்பட்டா நுனியைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள். மணி அடித்ததும் போய்விடுகிறாள். ஒரு வார்த்தை இல்லை. பேசும்வரை பொறுமையாக இரு என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அந்த மௌனத்துக்கு எதிரில் உட்காரும்போது, மணி எப்போது அடிக்கும் என்று நானும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே. "உனக்கேன் இந்த வேலை" என்று ஆரம்பித்துவிடுவாள்.

வேளைக்குச் சாப்பிடு. பசை நக்காதே.

உன் அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் என்னோடு டூ விட்டிருக்கிறது.

அந்தப் பெண் பேசினாளா? பேசினால் நீ முதலில் என்ன கேட்பாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே ஒரு செய்தி. மூன்றாம் மாடியிலிருந்து கீழ்த்தள அறைக்கு மாறிவிட்டேன். மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகும், அதற்கு ஒரே அடிதடி. கீழே ஈரமும் தவளைச் சத்தமும்தான். என்னோடு அறை மாற்றிக்கொண்டவன் லாட்டரி விழுந்த மாதிரி குதித்தான். "உனக்கு மூளை கழண்டுபோச்சா?" என்று கேட்கிறான் நெட்டை. அவன்தான் என் பழைய அறைத்தோழன், வாசலில் குனிந்து நுழைகிற உயரம். படி ஏறச் சோம்பலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். புது அறைத்தோழனின் பெயர் கொட்டாவி. காரணம் கேட்கத் தேவையில்லை.

பள்ளிக்கூட மாதிரியை முதல் ரிவ்யூவில் வைத்தேன். பேராசிரியர் கூரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள பிள்ளைங்க எங்கே ஓடும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

உன் தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள சோம்பேறிக்கு,

மூன்று மாடி ஏற முடியவில்லையாம்! அப்பா இந்த வயதில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பஸ் ஏறி இறங்குகிறார்? ஈரத்தில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கூரை தூக்கிப் பார்த்தவர் கேட்டதை விடு. அடுத்ததில் பிள்ளைகள் ஓட இடம் வை.

அந்தப் பெண் பேசிவிட்டாள். திடீரென்று, "மேடம், உங்களுக்குத் தினமும் காலையில எழுந்திருக்கணும்னு தோணுதா?" என்று கேட்டாள். கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

நீ கேட்டாயே, என்ன கேட்பாய் என்று. நேராகக் கேட்க வேண்டும். "சாகணும்னு தோணுதா?" இதைத்தான். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஏற்கெனவே அது உள்ளே இருந்தால், யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருக்கும். கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. அவள் அழுதாள். பிறகு, "ஆமா" என்றாள்.

இதை உனக்கு எழுதுவதுகூடச் சரியா என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ எழுது, இங்கே உன் கடிதம்தான் எனக்குச் சிரிப்பு.

உன் அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். வேலை ஒன்றுமில்லை. வரைபலகை முன்னால் உட்கார்கிறேன், கோடு கோணலாகப் போகிறது, எழுந்துவிடுகிறேன்.

அந்தப் பெண் "ஆமா" என்றாளே, அப்புறம் நீ என்ன செய்தாய்? பெற்றோரிடம் சொல்லிவிடுவீர்களா? முதல்வரிடம்? அப்படிச் சொல்வதாக இருந்தால் முதலிலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டாமா?

எங்கள் கல்லூரியிலும் ஒரு ஆலோசனை அறை இருக்கிறது. முதல்வர் அறைக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவோடு. யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேன்டீனுக்குப் போகிற அத்தனை பேரும் பார்க்கலாம். போன வருஷம் ஒருவன் போனான். அடுத்த வாரம் அவன் கல்லூரியிலேயே இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு கதை.

மற்றபடி நடை அதிகமாகிவிட்டது. விடுதியிலிருந்து வகுப்புக்கு ரயில் பாதை மேலே உள்ள நடைமேம்பாலம் வழியாகப் போனால் கிட்டம். நான் இப்போது லெவல் கிராசிங் வரை சுற்றிக்கொண்டுதான் போகிறேன். நெட்டை என்னோடு வருவதையே விட்டுவிட்டான். "உன்கூட வந்தா செருப்பு தேயுது" என்கிறான். நடப்பது உடம்புக்கு நல்லதுதானே?

அந்தப் பெண்ணைப் பற்றி எழுது. மறக்காமல் எழுது.

தம்பி


செப்டம்பர் 19

என் சுண்டு,

நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்து மேசையில் வைத்துவிட்டு, முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மனநலம் பற்றி வகுப்பெடுக்கப் போய்விட்டேன். ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்றுவிட்டேன். மேம்பாலம். கீழ்த்தளம். திரும்ப அறைக்கு ஓடிவந்து உன் பழைய கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். சோம்பேறி என்று கேலி செய்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடனே போன் செய்தேன். "நல்லா இருக்கேன்க்கா" என்றாய். மறுபடி செய்தேன். சிரித்தாய். உன் வாய்க்கு அது மனப்பாடம் என்று நீதானே எழுதினாய். அதனால் எழுதிக் கேட்கிறேன், கை யோசிக்கட்டும்.

உனக்குச் சாகணும்னு தோணுதா?

எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டாகிவிட்டது. இதை எழுத மட்டும் பேனா வரமாட்டேன் என்கிறது. ஆமாம் என்றாலும் நான் கத்த மாட்டேன், அழ மாட்டேன். அழுவேன், ஆனால் உன் முன்னால் இல்லை.

பதிலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. சனிக்கிழமை அங்கே இருப்பேன். அதுவரை தனியாக இருக்காதே. கொட்டாவி தூங்கினாலும் பரவாயில்லை, அவன் இருக்கிற அறையில் இரு. முடியாமல் போனால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. ஒன்றும் பேச வேண்டாம், போனைக் காதில் வைத்துக்கொண்டிரு, போதும்.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

பார்க்கிறவர்களெல்லாம் உனக்கு நோயாளியாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். அறை மாறுவது குற்றமா? நடப்பது குற்றமா? நீ எனக்கு அக்காவா, கவுன்சிலரா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு எழுது. வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

தம்பி

பி.கு. வருவதானால் எந்த ரயில்?


அக்டோபர் 1

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இன்று காலை நீ போனில் தூங்கினேன் என்று சொன்னாய். எவ்வளவு நேரம் என்று கேட்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். ஸ்டேஷனில் என் பையை வாங்கிக்கொண்டு நீ பேசாமல் லெவல் கிராசிங் பக்கம் திரும்பினாய். எதிரே மேம்பாலம் தெரிந்தது, எல்லோரும் அதில்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் உன்னோடு சுற்று வழியில் நடந்தேன். அப்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. டீக்கடையில் நான் திரும்பக் கேட்டதும் நீ கண்ணாடி டம்ளரைப் பார்த்தபடி "ம்" என்றாய். அவ்வளவுதான். அந்த "ம்" இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் நீ சொன்னது: "ரிவ்யூவாலன்னு நினைக்காதேக்கா. அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது. காரணமே இல்ல. அதான் பயமா இருக்கு. உயரமா எதைப் பாத்தாலும் எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல."

ஒன்று மட்டும் கேள். நீ கீழே இறங்கி வந்தாய். சுற்றி நடந்தாய். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உன்னை நீயே காப்பாற்றிக்கொண்டிருந்தாய். சாக விரும்புகிறவன் செய்கிற காரியமா அது? உனக்குள் ஒருவன் பிழைக்க விரும்புகிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் தனியாளாக எத்தனை நாள் காவல் காப்பான்?

உங்கள் கல்லூரி ஆலோசகர் நல்ல மனுஷி. கண்ணாடிக் கதவு வேண்டாம், பின்பக்கம் அலுவலக வழியாக வா என்று உன்னை அழைத்தாரே, அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. நீ உள்ளே இருந்தபோது நான் வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் அறை வாசலில் எத்தனை தாய்மார் இப்படி உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருப்பேனா என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அனுப்பிவைத்த டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாதே. பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார், நினைவிருக்கட்டும். வாரா வாரம் அவரைப் போய்ப் பார்.

இங்கே எந்த போன் அடித்தாலும் எனக்கு உயிர் போய் வருகிறது. இதையும் மறைக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. மோசமில்லை என்று எழுதலாம். மாத்திரையால் வாய் காய்கிறது, தூக்கம் வருகிறது. கொட்டாவிக்கும் எனக்கும் போட்டி. போன வாரம் இரண்டு நாள் மிகவும் மோசமாக இருந்தது. அறையை விட்டு வரவில்லை. நெட்டைதான் வந்து தரையில் உட்கார்ந்து, தன் வரைபடத்தை விரித்துப் போட்டு வரைந்துகொண்டிருந்தான். ஆலோசகர் அம்மா சொன்னபடி அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன். கேட்டதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அந்தச் சுத்து வழிக்குக் காரணம் இதுதானாடா? நான் செருப்பு தேயுதுன்னேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது, கேட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்ப நீ பஸ் ஏறும்போது, "அப்பா அம்மாகிட்ட சொல்ல மாட்டேல்ல?" என்று கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். அந்த ஆட்டலில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. கவனித்தேன். அம்மா அழுவதைக்கூடத் தாங்குவேன். அப்பா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்ப்பாரே, அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று, அந்தப் பெண். ஆகஸ்டுக்குப் பிறகு அவளைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. நேரிலும் பேச்சை மாற்றினாய். அவள் செத்துப்போய்விட்டாளா? எனக்குத் தெரிந்தால் நானும் ஏதாவது செய்துகொள்வேன் என்று மறைக்கிறாயா? தெரியாமல் இருப்பதுதான் மோசம். ராப்பகலாக அவளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடு.

தம்பி


நவம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

இதற்குப் பதில் எழுதலாமா என்று உன் ஆலோசகரைக் கேட்டேன். "மறைச்சா அவன் உங்களை நம்ப மாட்டான்" என்றார். எழுதுகிறேன். நெட்டை பக்கத்தில் இருக்கும்போது படி.

அவள் செத்தாள் என்று எனக்குச் செய்தி இல்லை. இருக்கிறாள் என்றும் செய்தி இல்லை.

அவள் "ஆமா" என்ற சில நாளில் ஒரு மதியம் வந்தாள். அன்றைக்குப் பேச்சு வேறு மாதிரி இருந்தது. இன்றைக்கு ஒன்றும் செய்துகொள்ள மாட்டேன் என்று சொல்லு என்றேன். சொல்லவில்லை. நான் கெஞ்சினேன். பிறகு, "உங்க வீட்டுக்குச் சொல்லப் போறேன்மா" என்று அவளிடமே சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே அவள் அப்பாவுக்கு போன் செய்தேன். "சொல்லாதீங்க மேடம், சொல்லாதீங்க" என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் வந்தார். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "எங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அழைத்துப் போய்விட்டார். மறுநாள் படிப்பை நிறுத்திவிட்டதாகக் கல்லூரிக்குச் சொன்னார்கள். அந்த எண்ணுக்குப் போன் போகவில்லை. கல்லூரி மூலமாக வீட்டுக்கு ஆளனுப்பினோம். வீடு பூட்டியிருந்தது.

நான் செய்தது சரியா? அந்த நிமிஷம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. பேருந்தில், கடையில், அவள் உயரத்தில் யாராவது திரும்பி நின்றால் முன்னால் போய் முகத்தைப் பார்க்கிறேன்.

பெற்றோரிடம் சொல்வீர்களா என்று நீ கேட்டபோது நான் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதனால்தான் எழுதவில்லை. தெரிந்தால் என்னிடமும் வாயை மூடிக்கொள்வாய் என்று பயந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் சத்தியம் செய்யாததும் அதனால்தான். உனக்கு அந்த மாதிரி ஒரு நாள் வந்தால், நீ என் காலைப் பிடித்தாலும் அப்பாவைக் கூப்பிடுவேன். என்னை வெறுத்துக்கொண்டாவது இரு. ஆனால் நீ இரு.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? முதலில் அதைச் சொல். சாப்பிடுகிறாயா, உனக்குத் தூக்கம் வருகிறதா? உன்னை யார் கேட்கிறார்கள் அங்கே?

உன் கடிதத்தை நெட்டை பக்கத்தில் இருக்கும்போதுதான் படித்தேன். கோபம் வந்தது. அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து உன்னைத் திட்டினேன். பிறகு உன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே இன்னும் மோசமாக இருந்தது. அவள் எங்கே இருக்கிறாளோ. இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். டூட்டி முடிகிற நேரம் பார்த்து அப்பாவுக்கு போன் போட்டேன். நீ சொல்ல வேண்டிய நாள் வருவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று. ஆலோசகர் அம்மா எதிரில் இருந்தார்.

"அப்பா, எனக்கு மனசு சரியில்லப்பா. செத்துடணும்னு தோணுது. டாக்டர்கிட்ட போயிட்டுதான் இருக்கேன்" என்றேன். எழுதி வைத்துப் படித்தேன், இல்லாவிட்டால் "நல்லா இருக்கேன்" வந்துவிடும்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "அங்கயே இரு. வரேன்" என்றார். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். நெட்டை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலையில் காக்கி யூனிஃபார்மோடு வந்து நின்றார். டூட்டி முடிந்து வீட்டுக்கே போகாமல் வண்டி ஏறியிருக்கிறார். திட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. என் கட்டிலில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். "எனக்குப் பயமா இருக்குடா" என்றார். அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "எனக்கும்தான்பா" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் என்ன பேசினோம் என்று கேட்காதே.

மூன்று நாள் இருந்தார். என்னோடு ஆலோசகரைப் பார்க்க வந்தார். டாக்டரிடம், "நாங்க என்ன செய்யக் கூடாதுன்னு மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டார். படிப்பை இந்தப் பருவம் நிறுத்திவைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. முடிவு என்னுடையது என்றார்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் அந்த எண்ணம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். சில நாள் இருக்கிறது. அன்றைக்கெல்லாம் யாரிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நேற்று அப்பாவை பஸ் ஏற்றப் போனேன். ஏறின மனிதர் கண்டக்டரை நிறுத்தச் சொல்லி மறுபடி இறங்கி வந்தார்.

"நாளைக்கு போன் பண்ணுவியா?"

"பண்றேன்பா."

"காலையில சீக்கிரம் பண்ணிடு. அப்புறம் நான் வண்டியில இருப்பேன், எடுக்க முடியாது."

"சரிப்பா."

அவர் போகவில்லை. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இல்லடா, எப்ப வேணா பண்ணு. வண்டிய ஓரம் கட்டிட்டு எடுக்கறேன்."

"பஸ் நிறைய ஆள் இருப்பாங்கப்பா."

"இருக்கட்டும்" என்றார்.

உன் தம்பி
சுண்டு